மெத்தைக்குள் போன சேமிப்பு

ஊரில் எந்தப் பூட்டும் பூட்டுக்காரரிடம் வாலாட்டாது. அவரை ஆட்டிவைத்தது வரி ஒன்றுதான். சாவி வெட்டும் மெஷின் வாங்குவதற்காக, வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டு வந்தார். ஆனால் ஆண்டு முடியும்போது, வரிக்காரன் கண்ணில் பட்டுவிடும் என்று அத்தனையையும் உருவி மெத்தைக்குள் திணித்துவிடுவார். வருடக் கணக்கு முடியும் நாள் கடந்ததும் திரும்பப் போடுவார். வட்டிதான் வளருவேனா என்றது.

இந்த வருடம் மெத்தைத் தையலைப் பிரித்து வைத்துவிட்டு, பணத்தை எடுக்க வங்கிக்குக் கிளம்பியவரை மச்சினி மடக்கினாள். அவள் ஆடிட்டரிடம் வேலை பார்ப்பவள்.

“ஐயோ மாமா, அந்த வட்டிக்கு வரியே கிடையாது! இவ்வளவு வந்துச்சுன்னு படிவத்துல காட்டினா போதும். நடுவுல நடுவுல எடுத்துத்தான் வட்டியக் கோட்ட விட்டீங்க.”

“காட்டினா புடுங்க மாட்டானா?”

“மாட்டான்!”

பூட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். “அப்ப எல்லாத்தையும் காட்டிடறேன். பூனையையும் எழுதிக்கோ!”

“பூனைக்கு என்ன மாமா வருமானம்?”

“எலி வருதே!”

அந்த வருடம் பணம் வங்கியிலேயே இருந்தது. முழு வட்டியும் விழ, மெஷினும் வந்து இறங்கியது. தெருவே கேட்க அவர் முதல் சாவியை வெட்டினார்.

“மெஷின் கெடக்கட்டும்” என்றாள் மனைவி. “மெத்தையில மேடில்லாம இந்த வருஷந்தான் தூங்கறேன்.”