தரையாகத் தெரிந்த கடல்

மலையாளக் கரையில், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். அந்த மழைக்காலத்தில் தூக்கம் என்னை விட்டுப் போனது. கண்ணை மூடினாலும் உள்ளே வெளிச்சமாகவே இருக்கும். பகலில் எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக நடக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட எங்கோ தூரத்திலிருந்து கேட்கும்.

ஒரு மத்தியானம் சாரத்தில் நின்றபோது, கடல் தரையாகத் தெரிந்தது. சிமெண்டு பூசி இழைத்த தளம்போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. இறங்கி நடந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. பயமே இல்லை. காலை எடுத்து வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடித்து இழுத்தது. என்னோடு கம்பி கட்டும் வங்காளத்துக்காரர்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது வேலையிடத்து மலையாளம்தான். "எத்ர நாளாயி உறங்கிட்டு?" என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். "எனிக்கும் இது வந்நதா. டாக்டர் உண்டு. நாளெ போகாம்." தனக்கும் இது வந்திருக்கிறது, நாளைக்கே போகலாம் என்கிறார் என்று புரிந்தது.

மாதாமாதம் அவர் பஸ் ஏறிப் போனது மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சினிமாவுக்குப் போகிறார் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் பழவங்காடியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். அங்கே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் வேறு யாருடைய கனவிலோ கேட்பதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா என்ன செய்கிறது என்று மலையாளத்தில் இதமாகத்தான் கேட்டார். சோறும் கம்பியும் சிமெண்டும் கேட்கும் அளவுக்கு எனக்கு மலையாளம் வரும். இதைச் சொல்ல வரவில்லை. அங்கிருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். அவர் கரமனை அக்ரஹாரத்துத் தமிழ்க்காரர் என்று பிறகு தெரிந்தது.

"தமிழா? என்கிட்ட சொல்லுங்கோ. நான் டாக்டர்கிட்ட சொல்றேன்."

"அக்கா, கடலு தரை மாரி தெரியுது. எறங்கி நடந்துரலாம்னு தோணுது."

அவர் எதையும் விடாமல் மலையாளத்தில் சொன்னார். என் பேச்சை இன்னொரு மொழியில் கேட்டபோது, அது யாரோ ஒரு மனுஷனுக்கு நடந்ததுபோல இருந்தது. அந்த மனுஷன்மேல் இரக்கம் வந்தது. அப்போதுதான் அழுதேன்.

உயரத்தில் ஏறக்கூடாது, வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மேஸ்திரி முணுமுணுத்துவிட்டு என்னைக் கீழே கம்பி வளைக்கப் போட்டார். மனைவிக்கு போன் செய்து சொன்னேன்.

"கிறுக்கு பிடிச்சிருச்சுங்கியளா?"

"இல்ல புள்ள. மனசுக்குச் சொகமில்ல. மருந்து குடுத்திருக்காவ."

அவள் குரலை இறக்கிக் கேட்டாள்: "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பொறவா?"

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த கொட்டகையின் தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தபோது எனக்கே தெரியாமல் தூங்கிப்போனேன். விழித்தபோது சாயங்காலம். எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்சநேரம் புரியவில்லை. அது சுகமாகவே இருந்தது. என் பங்குச் சோற்றையும் மீன் குழம்பையும் தட்டால் மூடி வைத்துவிட்டு, யாரும் என்னை எழுப்பிவிடாதபடி வாசலில் உட்கார்ந்திருந்தார் வங்காளத்துக்காரர்.