தங்கபாய் டீச்சரின் மார்கழி கேக்

தங்கபாய் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவுக்குக் குடிவந்தது எண்பத்து மூன்றில். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கணவர் ராஜரத்தினம் ராஜபாளையத்தில் நூல் மில் மெக்கானிக். வந்த மறுவருஷமே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நாசரேத் பக்கத்துச் சொந்தமெல்லாம் கடிதத்தோடு சரி. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கை நனைத்ததில்லை. டீச்சருக்கு இருந்த ஆசையே அதுதான். தன் வீட்டில் யாராவது உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் போடுவார். பெரிய அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, நடுவே மாவு ஊற்றிய தகர டப்பாவை வைத்து, மூடிமேல் கரித்தணலைப் பரப்புவார். வாசம் தெருமுனை வரைக்கும் போகும். வீடு வீடாகத் தட்டைக் கொடுத்து, "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுவார். எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார்கள். வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாதென்று சீனி போட்டுக் கொடுப்பார்கள். ஒருத்தரும் போகமாட்டார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று, பக்கத்து வீட்டுப் பாலம்மாளின் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் தன் கேக் துண்டு மிதப்பதை டீச்சர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததைப் பாலம்மாளும் கவனித்துவிட்டாள். டீச்சர் வீட்டுக்குப் போய் அழுதார். பள்ளிக்கூட ஆயா குருவம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"மார்கழியில அந்தத் தெருவுல முட்டை தொடமாட்டாவ டீச்சர். சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு இருந்திருப்பாவ."

மரியாதைக்கு அந்தத் தெருவில் பஞ்சமே கிடையாது. அந்த மரியாதையை வைத்துத்தான் ஒரு மனுஷியை வருஷக்கணக்கில் தனியாக உட்கார வைத்தார்கள்.

அடுத்த வருஷம் முட்டைக்குப் பதிலாகப் புளித்த தயிரும் சோடா உப்பும். தட்டை நீட்டும்போதே "முட்டை போடல" என்றார். "முட்டை பட்ட பாத்திரமாச்சே" என்று யாரோ இழுத்ததும் புது டப்பா, புதுச் சட்டி வாங்கினார். கேக் செங்கல் மாதிரி இருந்தது. தின்றுவிட்டு, நல்லாயிருக்கு என்று கூசாமல் சொன்னார்கள். செங்கலைத் தின்ன அடுத்த வீடு வரை யார் போவார்கள்? டீச்சர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாயங்காலமும் இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போடுவார். விளக்கு வைத்த பிறகு ஒன்றை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். இப்படியே தொண்ணூற்று இரண்டு வரைக்கும் ஓடியது.

அதை அடுத்து வந்த தை மாதம். பொங்கல் கழிந்து, வீடுகளில் மறுபடி கறி வாசம் கிளம்பியிருந்தது. பாலம்மாள் முந்தானையில் நாலு முட்டையை முடிந்துகொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மார்கழி முடிஞ்சிருச்சு டீச்சர். அந்தப் பழைய கேக்கப் போட்டுத் தருவியளா? அந்த வாசத்துக்கு நானும் எம்புட்டு வருசமா ஏங்கிக் கெடக்கேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாலம்மா."

"மாட்டுத் தொட்டிய நீங்க பாத்துட்டிய. பொறவு எந்த மொகத்தோட கேக்க?"

டீச்சர் அடுப்பைப் பற்ற வைத்தார். மணல் காய்கிற வரைக்கும் பாலம்மாள் அடுக்களையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டை அடித்தாள். வெந்ததும் ஆறக்கூட விடாமல் இருவருமாகப் பிய்த்துத் தின்றார்கள். டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.  பாலம்மாள் இன்னொரு துண்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். ராஜரத்தினம் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.