ஆணி இருந்தால் என்ன?

பச்சை வேப்பமரத்தை அறுக்கும்போது ஒரு வாசனை வரும்... கசப்பும் பெட்ரோல் புகையும் சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டீ குடித்தால் டீயும் கசக்கும்.

இன்று காலை கம்பெனி வாசலில் யாரோ மெஷின் வைத்து வேப்பங்கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். அதே வாசனை. அதனால்தான் இந்தப் பதிவு.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அம்மாவுக்கு ஒரு சின்ன டீக்கடை. வாசலில், எங்கள் பட்டாவுக்குள், ஒரு வேப்பமரம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடிய வருஷம், ஒரு மழைக்காற்றில் சாய்ந்தது. கடை தப்பித்தது. ஆனால் வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு மரம் படுத்துவிட்டது.

அடுத்த வாரம் பௌர்ணமி. அந்த ஒரு ராத்திரி வியாபாரத்தில்தான் எங்கள் மாசமே ஓடும்.

"அதுக்குள்ள வாசல் காலியாவணும்டா" என்றார் அம்மா.

பலகை போட்டுக் கடைக்கு ஒரு பெஞ்ச் செய்யலாம் என்று அறுவை மில்லுக்குப் போனேன். கிரிவலப் பாதை மரம் என்றதுமே கையை ஆட்டிவிட்டார்கள்.

"ஆணி இருக்கும் தம்பி. பிளேடு பூடும்."

இருக்கும்தான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எவராவது அன்னதான ஃப்ளெக்ஸ் கட்ட சுத்தியலோடு வருவார். சீரியல் லைட்டுக்கு ஒரு ஆணி, ஸ்பீக்கருக்கு ஒரு ஆணி. திரும்பப் பிடுங்கிக்கொண்டு போனவர் ஒருத்தர் இல்லை. மரம் பருக்கப் பருக்க எல்லாம் உள்ளே போய்விட்டது. புண்ணியம் அவர்களுக்கு, ஆணி எங்களுக்கு.

விறகு வியாபாரி ஏழுமலை அண்ணன் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"துண்டு போட்டு ஏத்திக்கினு பூடறேன். இது வெறகுக்குத்தான் ஆவும்."

அம்மா தலையாட்டிவிட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

காரணம் மரம் மட்டும் இல்லை. அந்த வருஷம் எந்த கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாலும் மார்க்‌ஷீட்டைத் திருப்பிப் பார்த்து, "அரியர் இருந்ததா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்து, கழட்டு பார்க்கலாம் என்று சொன்னவர் யாரும் இல்லை. அறுத்தே பார்க்காமல் ஆகாது என்கிற பேச்சு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"நானே அறுக்கறேன்ணே."

"மெஷின் ஓட்டி இருக்கியா?"

"இல்ல."

"இவனுக்கு வீம்பு" என்றார் அம்மா, அவரிடம். "பௌர்ணமிக்கு மொத நாள் வந்து ஏத்திக்கினு போங்க. அதுவரைக்கும் ஆடட்டும்."

மரம் வெட்டுகிற ஒரு ஃப்ரெண்டிடம் செயின்சா, அதான் அந்தச் சங்கிலி ரம்ப மெஷின், இரவல் வாங்கி வந்தேன். ஸ்கொயர் பைப்பில் நானே ஒரு ஃப்ரேம் வெல்டிங் செய்து பிளேடோடு மாட்டினேன். மரத்தின் மேல் அலுமினிய ஏணியைப் படுக்க வைத்துக் கட்டினால் மெஷின் அதன்மேல் நேராக ஓடும். பேப்பரில் எல்லாம் சரி.

முதல் பலகை வளைந்து நெளிந்து வந்தது. தூள் கோதுமை மாவு மாதிரி. மெஷின் கொதித்தது.

ஏழுமலை அண்ணன் தினமும் டீக்கு வருவார். பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பலகையா? நான் அப்பளம்னு நெனச்சேன்."

கிரிவலம் போகிறவர்களும் நின்று யோசனை சொன்னார்கள். "யூடியூப்ல பாருங்க தம்பி" என்றார் ஒருத்தர்.

"அதப் பாத்துத்தாங்க இப்படி ஆச்சு. நீங்க நடங்க."

அன்று சாயந்திரம் உட்கார்ந்து யோசித்தேன். அது மரத்தைக் குறுக்கே வெட்டுகிற செயின். நீளவாக்கில் இழுத்தால் மாவுதான் வரும். அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகச் சாய்வைக் குறைத்து ராவினேன். மறுநாள் தூள் தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டியது. நேர்க்கோடு!

கத்தலாம் போல இருந்தது. கத்துவதற்குள் கிறீச்... தீப்பொறி. ஆணி.

ஏழுமலை அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "சொன்னேன்ல?"

"ஆணி இருக்கும்னு சொன்னீங்க. ஆவாதுன்னும் சொன்னீங்க. ரெண்டும் வேற வேறண்ணே."

மில் பயந்ததில் தப்பில்லை. அவர்கள் பிளேடு அறுந்தால் அன்றைய வேலையே போச்சு. என் செயின் மழுங்கினால்? அரம் இருக்கிறது, நான் இருக்கிறேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்தி, மேலாக இருந்த ஆணிகளைப் பிடுங்கினேன். ஆழத்தில் இருந்ததை அப்படியே அறுத்தேன். மழுங்கும், ராவுவேன். திரும்ப மழுங்கும், திரும்ப ராவுவேன். கண்ணாடி போட்டும் கண்ணெல்லாம் தூள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் வண்டி வந்தபோது சுவரோரம் பலகைகள் சாய்ந்திருந்தன. அப்பளமும், கிளையும், மிச்சமும் மட்டும்தான் விறகுக்குப் போனது.

"பலகைதான்" என்றார் ஏழுமலை அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். போதும்.

காயட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஏது பொறுமை? அடுத்த பௌர்ணமிக்கே பெஞ்ச் அடித்துவிட்டேன். பச்சை மரம், முறுக்கிக்கொண்டது. ஒரு கால் இன்றைக்கும் தரையைத் தொடாது. அம்மா அட்டையை மடித்து வைத்திருக்கிறார்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஏசி ரூம். அளவு கொஞ்சம் தப்பினாலும் ரிஜெக்ட் என்று சிவப்பு மார்க் போட வேண்டும். போடுவது என் கைதான். அரம் பிடித்துக் காய்த்த இடமெல்லாம் வழவழப்பாகிவிட்டது... அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மரம் இருந்த இடத்தில் இப்போது தகர ஷீட். ஃப்ளெக்ஸும் சுத்தியலுமாக ஒருத்தர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு பெஞ்ச் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இதுல ஒரு ஆணி அடிச்சிக்கட்டுமா?"

பெஞ்சைக் காட்டினேன். பலகையோடு சேர்ந்து அறுபட்ட ஆணிகள், ஜனங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் உங்களுதுதான். புதுசா வேணாம், கயிறு தரேன். கட்டிட்டு, போம்போது அவுத்துக்கினு போங்க."