இருபது நிமிடம்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது. வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுப்பது வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. கோப்பு அறைக்கு எழுத்தராகப் போக ஆசை இருந்தது. அதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தனித்தேர்வராக இரண்டு முறை எழுதினாள். மற்ற பாடமெல்லாம் தாண்டிவிட்டாள், கணக்கு மட்டும் இரண்டு முறையும் காலை வாரிவிட்டது. கடைசி முறை முப்பத்தொன்று. நாலே மதிப்பெண்ணில் போனது.

"சராசரி வரைக்கும் வந்துடுது. அதுக்கப்புறம் திட்ட விலக்கம்னு ஒண்ணு வருது பாருங்க, அதைப் பார்த்தாலே தலை சுத்துது. அந்தப் பாடத்தை அப்படியே விட்டுட்டேன்" என்றாள் கணவனிடம். அவன் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன்.

"விட்டா விட்டுட்டுப் போ. உன்னை யாரு வந்து கேட்கப்போறா?" என்றான்.

கேட்க ஒருத்தி வந்தாள். அவள் தையல்காரி. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பரிசோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டதால் பார்வை மங்கி, கையால் துழாவிக்கொண்டே டோக்கன் அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா, அந்தச் சுவத்துல என்னமோ போர்டு வச்சிருக்கீங்களே, எனக்கு இப்ப எழுத்து தெரியல. நீயே படிச்சுச் சொல்லு."

"சராசரி காத்திருப்பு நேரம் இருபது நிமிடம்னு போட்டிருக்கும்மா."

"நான் வந்து ஒரு மணி அம்பது நிமிஷம் ஆச்சு. உங்க கடிகாரத்துல நிமிஷத்துக்கு எத்தனை செகண்டு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டோக்கன் அக்காவுக்கு முகம் சிவந்தது. "அது சராசரிம்மா" என்றாள்.

"அப்படின்னா?"

டோக்கன் அக்காவுக்குக் கூட்டி வகுக்கத் தெரியும். வந்த விடை எதைச் சொல்கிறது என்று தெரியாது. தையல்காரி டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

அது டோக்கன் அக்காவை உறுத்தியது. இந்த முறை விடுவதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தட்டச்சுப் பள்ளியின் மாடியில் ஞாயிறுதோறும் நடந்த கணக்கு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பாடம் எடுத்த பெண்ணுக்கு இவளைவிடப் பதினைந்து வயது குறைவு. "புத்தகத்துக் கணக்கு பிடிபடலைன்னா உங்க வேலையில வர்ற எண்ணை வச்சுப் போட்டுப் பாருங்கக்கா" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து டோக்கன் அக்கா சீட்டின் அடிக்கட்டையில் இரண்டு நேரம் குறித்தாள்: சீட்டு கிழித்த நேரம், அந்த ஆள் டாக்டர் அறைக்குள் நுழைந்த நேரம். காலை ஐந்தரைக்கு எழுந்து சமையலறை மேடையிலேயே கணக்குப் போட்டாள். அடுப்பைக் கணவன் பார்த்துக்கொண்டான், முணுமுணுத்துக்கொண்டுதான்.

ஒருநாள் அடுத்தடுத்து வந்த ஐந்து பேரை எடுத்தாள். காத்திருந்தது இரண்டு, மூன்று, ஐந்து, பத்து, எண்பது நிமிடங்கள். கூட்டினால் நூறு. ஐந்தால் வகுத்தால் இருபது. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இருபதுன்னு விடை வருது. ஆனா இருபது நிமிஷம் உட்கார்ந்த ஆளு ஒருத்தர்கூட இதுல இல்ல!"

அவன் எட்டிப் பார்த்தான். "ஒரு சுவத்துக்கு ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சுட்டு, இன்னொரு சுவத்தை அப்படியே விட்டுட்டு, சராசரியா ஒரு கோட்டு அடிச்சிருக்கேன்னு நான் சொன்னா வீட்டுக்காரன் சும்மா விடுவானா?"

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒவ்வொருவரும் இருபதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று எழுதினாள். அதை வர்க்கப்படுத்தி, கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தாள். முப்பதுக்குச் சற்று மேலே வந்தது. பிறகு பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று தானே ஐந்து எண்ணை வைத்துப் போட்டாள். அதற்கும் சராசரி இருபதுதான். திட்ட விலக்கமோ ஒன்றரைக்கும் கீழே. இத்தனை நாள் பூச்சாண்டி காட்டிய கணக்கு, ஆட்கள் எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு சேர்ந்தது. நீண்ட நேரம் காத்திருந்தவர்களைத் தனியாகப் பிரித்தபோது, ஏறக்குறைய எல்லோருமே கண்ணில் மருந்து விட்டவர்கள். ஏன் என்று நேரில் போய்ப் பார்த்தாள். புதிதாக வருகிறவர்களின் கோப்பு நேராக டாக்டரிடம் போனது. மருந்து விட்டவர்களின் கோப்பு நர்ஸின் மேசை ஓரத்தில் கிடந்தது. மருந்து வேலை செய்ய அரை மணி போதும். அதற்குப் பிறகு யாருக்காவது ஞாபகம் வந்து எடுத்துப் போனால்தான் உண்டு.

தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

"சராசரி இருபதுதானே வருது? போர்டு பொய் சொல்லலையே" என்றார் அவர்.

"பொய் இல்ல சார். கண்ணாடி நம்பர் பார்க்க வந்தவங்க அஞ்சு நிமிஷத்துல போயிடறாங்க. மருந்து விட்டவங்க ஒண்ணரை மணி நேரம் கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்காங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கி இருபதுன்னு போட்டா, திட்டு வாங்கறது நான் சார்."

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"பத்தாம் வகுப்புப் புத்தகத்துலதான் சார். ரெண்டு தடவை ஃபெயிலான பாடம்."

அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் இன்னும் எழுபது சீட்டைக் கணக்கிட்டு மறுபடி போய் நின்றாள். அதற்கப்புறம்தான் நர்ஸின் மேசைக்கு ஒரு சிவப்புத் தட்டு வந்தது. மருந்து விட்ட நேரத்தை எழுதி, கோப்பை அதில் வைத்து, அரை மணி ஆனதும் உள்ளே அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. போர்டிலும் இரண்டு வரி எழுதினார்கள்: கண்ணாடிக்கு ஏழு நிமிடம், மருந்து விட்டால் நாற்பத்தைந்து. நாற்பத்தைந்தைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் பாதியில் எழுந்து போகிறவர்கள் குறைந்தார்கள்.

மூன்றாம் முறை பரீட்சையில் திட்ட விலக்கக் கணக்கு வந்தது. விலக்கங்களையெல்லாம் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். அவளுக்கு மூன்று வந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். விலக்கம் எடுக்கும்போது பதினாலைப் பதினேழு என்று எழுதியிருந்தாள். அடித்துத் திருத்தினாள், பூஜ்யம் வந்தது. தேர்வு முடிவில் அறுபத்து நாலு.

எழுத்தர் வேலை உடனே கிடைத்துவிடவில்லை. முதல் முறை, வேகமாகத் தட்டச்சு செய்த வேறொருவருக்குப் போனது. "சரி, அதையும் கத்துக்கிட்டாப் போச்சு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, மாடியில் கணக்குப் படித்த அதே கட்டடத்தில் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். எட்டு மாதம் கழித்து அடுத்த இடம் காலியானது. அந்த முறை அவளைத்தான் எடுத்தார்கள்.