எழுநூற்றைம்பதுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே

பெட்டியின் எட்டுத் திருகாணிகளும் கழன்று கிண்ணத்தில் கிடக்கின்றன. மூடி தளர்ந்து நிற்கிறது. ஆனாலும் அவர் அதைத் தூக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நிமிடம். அதில் ஒரு நொடி குறைந்தாலும் அவர் கை பெட்டிக்குள் போகாது. அவர் மின்பழுது பார்க்கும் டிராம் பணிமனையில் அதுவே அவர் பெயராகிவிட்டது. "அஞ்சு நிமிஷம் வந்தாச்சா?" என்றுதான் ஓட்டுநர்கள் விசாரிப்பார்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது.

ஐந்து நிமிடம் ஆனதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுப்பார். மின்சாரம் அளக்கும் மீட்டரின் முனைகளை முதலில் அதில் வைத்துப் பார்ப்பார். பிறகு பெட்டிக்குள். பிறகு மறுபடியும் பேட்டரியில். யாராவது சிரித்தால் நிமிராமலேயே சொல்வார்: "மீட்டர் செத்துப் போயிருந்தா எல்லாமே செத்த மாதிரிதான் காட்டும். மொதல்ல இதுக்கு உசுரு இருக்கான்னு பாக்கணும்ல?"

டிராமுக்கு மேலே ஓடும் கம்பியில் எழுநூற்றைம்பது வோல்ட் நேர்மின்சாரம். வண்டியை இழுக்க அது போதும். ஆனால் கதவைத் திறக்கும் மூளைக்கும், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரலுக்கும் இருபத்து நான்குக்கு மேல் ஆகாது. கூடினால் கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே, இருக்கைக்கு அடியில், அவருடைய பெட்டி. எழுநூற்றைம்பதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி ஒரு கம்பிச் சுருளுக்குள் அனுப்புகிறது. பக்கத்திலேயே, அதைத் தொடாமல், இன்னொரு சுருள். அது இருபத்து நான்காக வாங்கிக்கொள்கிறது. இந்தத் தொடாமைதான் அவருக்கு முக்கியம். "எழுநூத்தம்பது மாமனார் மாதிரி. அவர் இல்லாம குடும்பம் ஓடாது. அதுக்காக ஒரே ரூம்ல இருக்க முடியுமா? நடுவுல ஒரு கதவு வேணும்."

வீட்டிலும் இதே கதைதான். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அவர் மனைவி சொல்வார்: "எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கே அவர் நாடி பாத்துட்டுதான் பிளக்குல போடுவார். என் கையைப் பிடிச்சு ஒரு நாளும் நாடி பாத்ததில்ல." இதைச் சொல்லிச் சிரிப்பார். கணவர் இப்படி ஆனது எந்த மாதத்திலிருந்து என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல மாட்டார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், பணிமனையின் கோடியில் இருந்த கழுவுகூடத்துக்கு நகர மின்சாரம் கிடையாது; டிராம் கம்பி மட்டும்தான். அடுத்துக் கழுவ வேண்டிய வண்டியின் எண்ணைக் காட்ட ஒரு பலகை வந்து இறங்கியது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். முறையான பெட்டி வர மூன்று மாதமாகும் என்றார்கள். மேற்பார்வையாளர் அவசரப்பட்டார். இவரும் தன் கைத்திறமையைக் காட்டினார். மின்தடைகளை வரிசையாகக் கோத்து, எழுநூற்றைம்பதைப் படிப்படியாகக் கரைத்து, மிஞ்சியதைப் பலகைக்குக் கொடுத்தார். நடுவே கதவில்லை. பலகையிலிருந்து தண்டவாளத்துக்குத் திரும்பிப் போகும் ஒற்றைக் கம்பி இருக்கும்வரை எல்லாம் சரி. அது அறுந்தால் பலகை முழுவதும் எழுநூற்றைம்பதில் நிற்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. மூன்று மாதம்தானே என்று நினைத்தார்.

பன்னிரண்டாம் நாள் கம்பி அறுந்தது. வண்டி கழுவும் அம்மாள் பலகையின் இரும்புச் சட்டத்தைத் துணியால் துடைத்தார். மின்சாரம் அவர் கையை விடவில்லை. யாரோ ஓடிப்போய் இணைப்பைத் துண்டித்தார்கள். உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை.

விசாரணைக்கு முன்னால் மேற்பார்வையாளர் இவரைத் தனியே கூப்பிட்டார். "அந்தம்மா கை ஈரமா இருந்துச்சு, அதான் காரணம்னு எழுதிக் குடுத்துடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"தண்ணி ஊத்திக் கழுவுற எடத்துல கை ஈரமா இல்லாம வேற எப்படிங்க சார் இருக்கும்?"

அன்று இரண்டு பக்கம் எழுதினார். படம் வரைந்து, கம்பி எங்கே அறுந்தது, தான் எதைப் போட்டிருக்கக் கூடாது என்பதைக் காட்டி, கீழே கையெழுத்திட்டார். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மேற்பார்வையாளர் வேறு பணிமனைக்கு மாற்றப்பட்டார். அந்த அம்மாளுக்கு வேலை போகவில்லை; அறிவிப்பு அறையில் ஒலிவாங்கிக்கு முன்னால் இடம் கிடைத்தது.

இதெல்லாம் எழுதத் தெரிந்தவருக்கு அந்த அறை வாசலில் போய் நிற்கத் தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர்வழி அறிவிப்பு அறையைத் தாண்டிப் போகிறது. அவர் பழைய சக்கரங்கள் குவிந்திருக்கும் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். மழை நாளிலும் அப்படித்தான்.

போன மாதம் ஒரு மதியம் அறிவிப்பு அறையின் பெட்டி நின்றுபோனது. நகர மின்சாரம் போனாலும் பணிமனைக்குள் குரல் கேட்க வேண்டுமென்று அதுவும் டிராம் கம்பியிலிருந்தே இயங்குகிறது. அதைத் திறக்க வேறு ஆள் கிடையாது. கருவிப் பையோடு போனார். சுவரிலிருந்த பெரிய சுவிட்சை இறக்கினார். திருகாணிகளைக் கழற்றிவிட்டு முக்காலிக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அம்மாளே ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"என்ன அண்ணே, தெறந்துட்டுச் சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"உள்ள கெபாசிட்டர்ல மிச்சம் இருக்கும்மா. சுவிட்ச நிறுத்தினாலும் உடனே போகாது. அது வடியணும்."

"எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

சுவர்க் கடிகாரம் ஓடியது. பிறகு அந்த அம்மாள் சாவதானமாகக் கேட்டார்: "ஒம்பது வருஷமா அந்தச் சக்கரக் குவியல் பக்கமாவே சுத்திப் போறீங்களே, கால் வலிக்கலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தாம்மா அதைப் போட்டேன்."

"தெரியும். நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க."

"மன்னிச்சுடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

"நானும் மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. தெனமும் காலைல தலை பின்ன முடியல, என் மகதான் பின்னி விடுறா. அப்பல்லாம் உங்களை நெனச்சுக்குவேன். நல்லபடியா நெனைக்க மாட்டேன்." சற்று நிறுத்தினார். "ஆனா என் கை ஈரம்னு நீங்க எழுதல. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே நெனச்சேன். அதையும் மறக்கல. ரெண்டும் இருக்கு அண்ணே. நேர்வழியா போங்க. மழையில நனையாதீங்க."

ஐந்து நிமிடம் எப்போது கடந்தது என்று அவர் கவனிக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் மீட்டரை எடுத்தார். உப்பிப்போயிருந்த ஓர் உறுப்பைக் கழற்றிப் புதியதை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவே எங்கும் தொடர்பில்லை என்று மூன்று தடவை சோதித்தார். மூடியைப் பொருத்திப் பெரிய சுவிட்சை ஏற்றினார். பச்சை விளக்கு எரிந்தது. ஒலிவாங்கியின் இரும்புத் தண்டில் தன் வெறுங்கையை வைத்து, பத்து எண்ணும்வரை அப்படியே நின்றார்.

"ம், இப்போ பேசலாம்."

அந்த அம்மாள் வழக்கமாக இடது கையால்தான் பேசும் பொத்தானை அழுத்துவார். இன்று இடது கையை நீட்டினார், நிறுத்தினார், மடியில் வைத்துக்கொண்டார். மடங்காத விரல்களோடு வலது கையைக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினார்.

"நாலாம் தடத்து வண்டி, புறப்படலாம்."

குரல் பணிமனை முழுவதும் கணீரென்று கேட்டது. வெளியே ஒரு டிராம் மணியடித்து நகர்ந்தது. அவர் சுவரோரம் நின்றிருந்தார். அந்த அம்மாள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும்வரை, பெரிய சுவிட்சின் கைப்பிடியை, சட்டென்று இறக்கத் தயாராக, அவர் இறுகப் பற்றியிருந்தார்.