கொசு கேட்ட மன்னிப்பு

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொசு என்று பெயர். ஊசி குத்தி ரத்தம் எடுப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் அதில் கோபமில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் குத்துகிறாள். நரம்பே தெரியாத கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பாட்டிலுக்கு எடுப்பதென்றால் இன்னும் கெடுபிடி. தோலை இரண்டு முறை துடைத்து, காயும்வரை காத்திருப்பாள். யாராவது அவசரப்பட்டால், "எனக்கு மட்டும் வேற வேலை இல்லையா? பேசாம உக்காருங்க" என்று எரிந்து விழுவாள்.

அவளுடைய அண்ணன் சந்தையில் மீன் வெட்டுகிறவர். கையில் வெட்டுக்காயம் இல்லாத நாள் கிடையாது. இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடாமல் அடிக்கவே, அவள்தான் இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தாள். ரத்தத்தையும் அவளே எடுத்தாள். மூன்றாம் நாள் பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டது.

டாக்டர் அறிக்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது தோல்ல இருக்கற கிருமி. சரியா துடைக்காம குத்தியிருக்கீங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடவாம்மா தெரியாது?"

வார்டே வேடிக்கை பார்த்தது. அவள் துடைத்திருந்தாள். காயும்வரை நின்றதும் நன்றாக நினைவிருந்தது. தோல் சுத்தமென்றால் கிருமி எங்கிருந்து வந்தது? அண்ணன் ரத்தத்திலிருந்துதான். நாலே வார்த்தை, சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். "சாரி சார், என் தப்புதான்" என்றாள் அந்த மகராசி.

டாக்டர் நகர்ந்ததும் கட்டிலிலிருந்த அண்ணன் மெல்லக் கூப்பிட்டார். "நீ துடைச்சதை நான் பாத்தேனே. போய்ச் சொல்லேம்மா."

"சும்மா இருண்ணா. அவங்களோட மல்லுக்கு நிக்க முடியுமா?"

சாதாரணக் காய்ச்சலென்று மாத்திரை எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நாலு அடி நடந்தாலே மூச்சிரைக்கிற நிலையில் திரும்பி வந்தார். இந்த முறை வேறொருத்தி எடுத்த ரத்தத்திலும் அதே கிருமி. பார்வைக்குத் தோல் கிருமி மாதிரியே இருந்தாலும், மீனின் வழுவழுப்பில் இருப்பதாம். விரல் காயம் வழியாக நுழைந்து, இதய வால்வில் உட்கார்ந்து அரித்திருந்தது. ரொம்ப அபூர்வமாம். ஆனால் வெறும் பெனிசிலினுக்கே செத்துப்போகுமாம். அடப் பாவிகளா, அது எப்போதும் வார்டு அலமாரியில் கிடக்கிற மருந்துதானே! போட்டார்கள். அதற்குள் வால்வு கிழிந்திருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணன் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ அங்க இருந்ததாலதான் இந்த அளவுக்காவது பாத்தாங்க."

அந்த நன்றியை அவளால் தாங்க முடியவில்லை. அறிக்கை வந்த நாளையும், தான் கேட்ட மன்னிப்பையும், அண்ணன் சொல்லச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள்.

அண்ணி பிடித்திருந்த கையை விட்டாள். "அப்போ தெரிஞ்சே சொல்லல."

"வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன் அண்ணி."

"போச்சா?"

"இல்ல."

அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "அப்போ கிளம்பு. காலையில வேலைக்குப் போகணும்ல."