எண்ணெய் வாசம் இல்லாத கட்டைகள்

பெட்டியைப் பிரித்ததும் புது மரத்தின் வாசம் எழுந்தது. அதில் எண்ணெய் இல்லை, பஞ்சு இல்லை, யாருடைய வியர்வையும் இல்லை. உப்பளம் பகுதியில் என் தம்பி வீட்டுக் கூடத்தில், அவனுக்குக் காலங்கடந்து பிறந்த இரண்டு வயது மகளின் முன்னால், ஒரு பலகையும் அதில் நட்ட குச்சியும், நடுவில் துளையிட்ட எட்டு உருளைக் கட்டைகளும் வந்து அமர்ந்தன. "மாண்டிசோரி செட்டுக்கா. பெயின்ட்டே கெடையாது. நாம ஒண்ணும் சொல்ல வேணாம், புள்ளைங்க தானா கத்துக்கும்," என்றான், பத்து நாள் செல்போனில் தேடித் தேர்ந்தெடுத்தவனின் களிப்போடு. எனக்கோ கோபம்தான் வந்தது.

இந்தக் கட்டைகளை எனக்குத் தெரியும்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மில்லின் சங்குதான் கடிகாரம். அப்பா நூல் நூற்கும் பிரிவில் இருந்தார். நூல் சுற்றும் மரக்கட்டையைப் "பாபின்" என்பார்கள். விரிசல் விட்டதை மூட்டை கட்டி பாய்லரில் போட்டு எரித்துவிடுவார்கள். எரியப் போகிறவற்றில் ஒன்றிரண்டைச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் போட்டு அப்பா தம்பிக்குக் கொண்டுவருவார். மில்லிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது. வாசலில் ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆனால் எச்சில் பாத்திரமாயிற்றே என்று தூக்கை மட்டும் எவரும் திறக்கமாட்டார்கள்.

தம்பிக்கு அப்போது இரண்டு வயது, எனக்கு ஏழு. பாபினை அடுக்குவான், உருட்டுவான், ஒட்டடைக் குச்சியில் கோர்ப்பான், துளையில் கண்ணை வைத்து அம்மாவைப் பார்ப்பான். நான் சொல்லிக்கொடுக்கப் போனால் அம்மா விடமாட்டாள். "கிட்ட போவாதடி. கைக்கு வேல இருந்தா வாய்க்கு அழுவ வராது" என்பாள்.

தினமும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அம்மாவுக்கு ஒரு நாள் காய்ச்சல். ஒரு கையில் தூக்கும் இடுப்பில் தம்பியுமாக மில் வாசலுக்கு நான்தான் போனேன். பாபினைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எடுத்துப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தம்பி பாபினை விடவில்லை, நானும் பிடுங்கவில்லை. வாசல் காவல்காரரை நாங்கள் "முசே" என்போம், "ஐயா" என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மரியாதைச் சொல். அவர் குனிந்து, "இன்னாடா கையில?" என்று கேட்க, தம்பி பெருமையாக நீட்டினான். "யாரு குடுத்தா?" அவனைவிடப் பெருமையாக நான் சொன்னேன்: "எங்கப்பா."

அடுத்த சங்கு வரைக்கும் எங்களை மரத்தடியில் உட்காரவைத்தார்கள். சங்கு ஊதியது. வேலை முடிந்து போகிற அத்தனை பேரும் பார்க்க, அந்தப் பாபினைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அப்பா வாசலில் நின்றார். மூன்று நாள் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பாபினையும் பொறுக்கி அடுப்பில் வைத்தார். எண்ணெய் குடித்த மரம், திகுதிகுவென்று எரிந்தது. கடைசி ஒன்று தம்பியின் பிடியில் இருந்தது. அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அவன் அலறிய அலறலில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "அவன் மறந்துடுவான். நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

சொல்லவில்லை. அவன் மறந்தும் போனான். எனக்குத்தான் ஐம்பது வயதைத் தாண்டியும் கோபம் ஆறவில்லை: எரிக்கப்போகிற கட்டைக்கு ஒரு மனிதனை நிற்கவைத்த மில்மீது, பார்த்துவிட்டுத் தலைகுனிந்து கடந்துபோன அத்தனை பேர்மீது, பட்ட அவமானத்தைக் குழந்தையின் விரல்களில் காட்டிய அப்பாமீது, பெருமையடித்த என் வாய்மீது. மில்லை மூடிவிட்டார்கள், சங்கு இல்லை, முசே இல்லை, அப்பாவும் இல்லை. போய் நின்று கத்துவதற்கு அந்த வாசல்கூட மிச்சமில்லை.

தம்பி மகள் கட்டைகளைக் குச்சியில் கோர்க்கவில்லை. பெரிய கட்டை ஒன்றை எடுத்துத் தரையில் டம் டம் என்று அடித்து, அந்தச் சத்தத்துக்குத் தானே சிரித்தாள். "அப்பிடி இல்லடா செல்லம். பெருசு கீழ, சிறுசு மேல" என்று தம்பி குனிந்தான். அவள் விடவில்லை. அவன் அவள் விரல்களைப் பிரித்தான், ஒவ்வொன்றாக. வீறிட்டாள்.

நான் எழுந்து செருப்பை மாட்டினேன். கட்டையும் கையுமாகப் பின்னாலேயே வந்தான்.

"இன்னாக்கா, காப்பி கூட குடிக்காம? இதுக்குப் போயி கோவமா?"

"உங்கையிலேர்ந்தும் ஒருத்தர் இப்பிடித்தான்டா வெரல் வெரலா பிரிச்சிப் புடுங்கினாரு."

"யாரு?"

"அப்பா."

அவன் தன் கையைப் பார்த்தான். உள்ளே குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"அப்பாவா? எதைக்கா?"

"எல்லாம் சொல்றேன். மொதல்ல உள்ள போயி அதை அவ கையில திருப்பிக் குடு."